விருந்தினர் திரையில் ஓம்புநர் சுட்டி

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியைக் குடியமர்த்த இயலும். அவ்வாறு அமர்த்தியபின், வெளியே இருக்கும் கை உள்ளே இருக்கும் திரையை எவ்வாறு தொடுகிறது? சிறியதாகத் தோன்றும் இவ்வினா, ‘இடம்’ என்பதை எப்படிச் சொல்வது என்னும் பழைய வினாவோடு தொடர்புடையது. வழிசொல்வதும் நிலம் அளப்பதும் எதிர்கொண்ட அதே சிக்கலைக் கணினியும் எதிர்கொண்டு தீர்த்த வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சுட்டும் சார்பும்

அ, இ, உ ஆகிய மூன்றும் சுட்டெழுத்துகள் எனக் கீழ்வகுப்பில் கற்றோம். அருகில் உள்ளதைச் சுட்டுவது அண்மைச்சுட்டு. தொலைவில் உள்ளதைச் சுட்டுவது சேய்மைச்சுட்டு. ‘இவ்வூர்’ என்று ஒருவர் கிளியனூரில் நின்று சொன்னால் அது கிளியனூரைக் குறிக்கும். அவரே மரக்காணத்திற்குச் சென்று அதே சொல்லைச் சொன்னால் அது மரக்காணத்தைக் குறிக்கும். சொல் மாறவில்லை, சொல்பவர் நிற்கும் இடம் மாறியது, அதனால் பொருளும் மாறியது. எனவே, சுட்டு என்பது சொல்பவரின் நிலையைச் சார்ந்தது.

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனம்–புதுச்சேரி நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் கிளியனூர். அதற்குக் கிழக்கே கழுவெளி ஏரியும், வடகிழக்கே மரக்காணத்து உப்பளங்களும் பரந்துள்ளன. உப்பளத்தில் பாத்திகள் வரிசை வரிசையாக, கட்டம் கட்டமாக அமைந்திருக்கும். அங்கு வேலைக்கு வரும் புதியவர் ஒருவருக்கு இருவகையில் இடம் சொல்லலாம். ‘நீ நிற்கும் இடத்திலிருந்து கிழக்கே நான்கு பாத்தி, வடக்கே இரண்டு பாத்தி’ என்பது ஒருவகை. ‘மூன்றாம் வரிசையில் ஏழாம் பாத்தி’ என்பது இன்னொரு வகை. முதல் வகையில், கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பது சொல்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வழியில் ஒரு பாத்தியைத் தவறாக எண்ணிவிட்டால், அதற்குப் பின் சொல்லும் ஒவ்வோர் இடமும் ஒரு பாத்தி தள்ளியே அமையும். இரண்டாம் வகையில் அவர் எங்கே நின்றாலும் கவலையில்லை. எண்ணும் தொடக்கமும் திசையும் இருவருக்கும் பொதுவாக இருந்தால் போதும்.

முதல் வகையைச் சார்புமுறை என்றும், இரண்டாம் வகையை நிலையிடமுறை என்றும் இப்பாடத்தில் குறிப்போம்.

அளவையர் கண்ட உண்மை

இந்திய நிலப்பரப்பை அளக்கும் மாபெரும் முக்கோணவியல் அளவைப் பணிக்கு அடித்தளம் இடப்பட்டது தமிழ்நாட்டில்தான். 1802ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலி கொண்டு மிக நுட்பமாக அளந்தார். அந்த அடிக்கோட்டின்மேல் முக்கோணங்களை அடுக்கி அளவை முன்னேறியது. ஒவ்வொரு முக்கோணமும் முந்தைய முக்கோணத்தைச் சார்ந்தே அமைந்தமையால், ஒன்றில் நேர்ந்த சிறுபிழையும் அடுத்ததற்குச் சென்று சேரும். எனவே, 1804இல் பெங்களூரு அருகே புதியதோர் அடிக்கோடு அளக்கப்பட்டது. முக்கோணங்கள் வழியே கணக்கிட்டுப் பெற்ற நீளம் நேரடியாக அளந்த நீளத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது.

முந்தைய நிலையிலிருந்து அடுத்த நிலையைக் கணக்கிடும் எம்முறையிலும் பிழை சேர்ந்துகொண்டே வரும். அதனை அவ்வப்போது சரிபார்க்க, யாரையும் சாராத ஓர் அளவுகோல் தேவை. அட்சக்கோடும் தீர்க்கக்கோடும் அத்தகைய அளவுகோல்களே. வடக்கு அட்சக்கோடு 12 பாகைக்குச் சற்று மேலாகவும், கிழக்குத் தீர்க்கக்கோடு 80 பாகைக்குச் சற்றுக் குறைவாகவும் உள்ள இடத்தில் கிளியனூர் அமைந்திருக்கிறது என்றால், அதைச் சொல்பவர் சென்னையில் இருக்கிறாரா, சிங்கப்பூரில் இருக்கிறாரா என்பது பொருட்டன்று.

சுட்டி பேசும் மொழி

கணினியோடு நாம் பயன்படுத்தும் சுட்டியை 1964இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பர்ட்டும் அவருடைய உடன்பணியாளர் பில் இங்கிலீஷும் உருவாக்கினர். மரப்பெட்டி ஒன்றின் அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள். ஒன்று இடவலமாக நகர்ந்ததை அளந்தது; மற்றொன்று மேல்கீழாக நகர்ந்ததை அளந்தது. 1968 டிசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் எங்கல்பர்ட் அதனைப் பொதுமேடையில் இயக்கிக் காட்டினார். இன்றைய சுட்டியில் சக்கரங்கள் இல்லை. ஒளியுணரி ஒன்று மேசைப் பரப்பைத் தொடர்ந்து படம்பிடித்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு நகர்வைக் கணிக்கிறது. எனினும் அது பேசும் மொழி மாறவில்லை.

அம்மொழி சார்புமுறையைச் சேர்ந்தது. சுட்டிக்குத் தான் மேசையில் எங்கே இருக்கிறது என்பது தெரியாது; எவ்வளவு நகர்ந்தது என்பது மட்டுமே தெரியும். இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சுட்டியை மேசையிலிருந்து மேலே தூக்கி வேறோர் இடத்தில் வையுங்கள். திரையில் அம்பு வடிவில் தோன்றும் சுட்டுக்குறி இருந்த இடத்திலேயே இருக்கும்.

1987இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணினி வரிசையால் பரவிய பி.எஸ். 2 வகைச் சுட்டி, ஒவ்வொரு நகர்வையும் மூன்று பைட் அளவுள்ள சிறு செய்தியாக அனுப்புகிறது. எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது, இடவலமாக எவ்வளவு நகர்ந்தது, மேல்கீழாக எவ்வளவு நகர்ந்தது என்பன அதில் அடங்கும். ஒரு செய்தியில் சொல்லத்தக்க நகர்வு –256 முதல் +255 வரை மட்டுமே. ‘எங்கே’ என்னும் வினாவுக்கு அச்செய்தியில் விடையில்லை. அவ்விடையைக் கணக்கிடுவது இயங்குதளத்தின் பணி. கையை விரைந்து நகர்த்தினால் சுட்டுக்குறி கூடுதல் தொலைவு செல்லுமாறு இயங்குதளங்கள் ஒரு பெருக்கத்தையும் சேர்த்துக்கொள்கின்றன. அப்பெருக்கத்தின் அளவு இயங்குதளத்திற்கு இயங்குதளம் வேறுபடும்.

விருந்தினரும் ஓம்புநரும்

ஒரே கணினியில் பல கணினிகள் இயங்குவதுபோல் தோன்றச் செய்யும் நுட்பம் 1960களில் ஐ.பி.எம். ஆய்வாளர்களால் உருவாக்கப்பட்டது. 1972இல் அது பெருங்கணினிகளுக்கான வணிகப் பொருளாக வெளிவந்தது. 1999இல் விஎம்வேர் நிறுவனம் அந்நுட்பத்தை மேசைக்கணினிக்குக் கொண்டுவந்தது. 2003இல் பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஃபாப்ரீஸ் பெல்லார்டு ‘கியூமு’ என்னும் கட்டற்ற மென்பொருளை வெளியிட்டார். பின்னர் விர்ச்சுவல்பாக்ஸ், கே.வி.எம். முதலியனவும் வந்தன.

இவை உருவாக்குவது மெய்நிகர் கணினி. உண்மையான கணினியில் இயங்கும் இயங்குதளம் ஓம்புநர். மெய்நிகர் கணினிக்குள் இயங்கும் இயங்குதளம் விருந்தினர். தமிழில் ‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் புதுமை என்னும் பொருளும் உண்டு. நம் இல்லத்திற்கு வரும் விருந்தினருக்கும் இவ்விருந்தினருக்கும் ஒரு வேறுபாடு உண்டு: இவ்விருந்தினர் தாம் விருந்தினர் என்பதை அறிய வேண்டியதில்லை. தமக்கெனத் தனி நினைவகமும் வட்டும் திரையும் சுட்டியும் இருப்பதாகவே கருதுவார். அவர் காணும் கருவிகள் மென்பொருளால் ஆனவை. இல்லாத கருவியை இருப்பதுபோல் இயங்கச் செய்யும் இதனைப் ‘போலச்செய்தல்’ எனலாம். வட்டையும் நினைவகத்தையும் போலச்செய்வதில் பயனர் வேறுபாட்டை உணர்வதில்லை. சுட்டியைப் போலச்செய்யும்போதுதான் அவர் கை அதனை உடனே உணர்கிறது.

இரண்டு அம்புகள்

ஓம்புநர் திரையில் ஒரு சாளரம் திறந்திருக்கிறது. அச்சாளரமே விருந்தினரின் முழுத்திரை. நாம் சுட்டியை நகர்த்துகிறோம். ஓம்புநரின் சுட்டுக்குறி 100 படப்புள்ளிகள் வலப்பக்கம் செல்கிறது. மெய்நிகர் கணினி மென்பொருள் ‘100 நகர்ந்தது’ என்னும் செய்தியை விருந்தினருக்கு அனுப்புகிறது. விருந்தினரோ தம் வழக்கப்படி விரைவுப் பெருக்கத்தைச் சேர்த்து, தம் சுட்டுக்குறியை 200 படப்புள்ளிகள் நகர்த்துகிறார். இப்போது திரையில் இரண்டு அம்புகள்: ஒன்று கையைப் பின்பற்றுவது, மற்றொன்று அதைவிட்டு விலகி ஓடுவது.

கையை இடப்பக்கம் மெதுவாகத் திருப்பினால் பெருக்கம் குறைவு. எனவே விலகல் முழுவதும் நீங்காது. அடுத்தடுத்த நகர்வுகளால் அவ்விலகல் மாறிக்கொண்டே இருக்கும். ஓம்புநரின் அம்பு சாளரத்தின் விளிம்பை அடைந்து வெளியேறும் நேரத்தில், விருந்தினரின் அம்பு தம் திரையின் நடுவிலேயே நின்றுவிடுவதும் உண்டு. மூலையில் உள்ள பொத்தானை அதனால் எட்டவே இயலாது. ஓம்புநர், விருந்தினர் இருவர் கணக்கும் தனித்தனியே சரியானவைதாம். இருவருக்கும் பொதுவான அளவுகோல் இல்லாததே குறை.

பிடித்துவைத்தல் என்னும் தீர்வு

தொடக்கக் காலத்தில் கண்ட தீர்வு, சுட்டியை விருந்தினர்க்கே முழுவதும் ஒப்படைத்துவிடுவது. சாளரத்திற்குள் சொடுக்கியவுடன் ஓம்புநரின் அம்பு மறைந்துவிடும். விருந்தினரின் அம்பு மட்டுமே தெரியும். ஓர் அம்பே இருப்பதால் விலகல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சுட்டியால் அச்சாளரத்தைவிட்டு வெளியே வர இயலாது. வெளியே வர, குறிப்பிட்ட விசைகளை அழுத்த வேண்டும். கியூமுவில் கண்ட்ரோல், ஆல்ட், ஜி ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். விர்ச்சுவல்பாக்சில் வலப்பக்கக் கண்ட்ரோல் விசை போதும். அவ்விசைகளை அறியாத மாணவர் கணினி உறைந்துவிட்டதாகவே எண்ணுவார். தாம் ஏதோ கெடுத்துவிட்டதாகவும் அஞ்சுவார். கற்கத் தொடங்கும் ஒருவரை விலக்கிவிட இத்தகைய அச்சமே போதும்.

வரைபலகை என்னும் வேடம்

ஓவியர்களும் வரைபட வல்லுநர்களும் பயன்படுத்தும் வரைபலகையை நீங்கள் கண்டிருக்கலாம். அதன் எழுதுகோல், பலகையின் எப்புள்ளியைத் தொடுகிறதோ அப்புள்ளிக்குரிய இடத்திற்கே சுட்டுக்குறி செல்லும். எழுதுகோலைத் தூக்கி வேறோர் இடத்தில் வைத்தால், சுட்டுக்குறியும் உடனே அங்கே தோன்றும். வரைபலகை நிலையிடமுறையில் பேசுகிறது.

மெய்நிகர் கணினியை உருவாக்கியோர் இதனைப் பயன்படுத்திக்கொண்டனர். விருந்தினருக்குச் சுட்டியைக் காட்டுவதற்கு மாறாக, யு.எஸ்.பி. வழியே இணைக்கப்பட்ட வரைபலகை ஒன்று இருப்பதாகக் காட்டினர். நம் கையில் இருப்பது சாதாரணச் சுட்டியே; விருந்தினர் காண்பதோ வரைபலகை. யு.எஸ்.பி. கருவிகளுக்கான பொதுத்தரம், ஒரு கருவி தான் அனுப்பும் எண் நகர்வைக் குறிப்பதா, நிலையான இடத்தைக் குறிப்பதா என்பதைத் தானே முன்கூட்டி அறிவிக்க வழிசெய்துள்ளது. அதனால் இன்றைய இயங்குதளங்கள் பெரும்பாலானவை கூடுதல் மென்பொருள் எதுவுமின்றி இக்கருவியைப் புரிந்துகொள்கின்றன.

இது செயல்படும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். கியூமுவின் வரைபலகை, திரை எவ்வளவு அகலமாக இருந்தாலும் அதன் இடக்கோடியை 0 என்றும் வலக்கோடியை 32,767 என்றும் கொள்கிறது. ஓம்புநர் திரையில் சாளரத்தின் அகலம் 1,000 படப்புள்ளிகள். அம்பு 250ஆம் புள்ளியில் நிற்கிறது. அஃது அகலத்தில் நான்கில் ஒரு பங்கு. 32,767இல் நான்கில் ஒரு பங்கு ஏறத்தாழ 8,192. இவ்வெண் விருந்தினருக்குச் செல்கிறது. விருந்தினரின் திரை அகலம் 1,600 படப்புள்ளிகள் எனின், அவர் 8,192ஐ அந்த அளவிற்கு மாற்றி 400ஆம் புள்ளியில் தம் அம்பை வைக்கிறார். அதுவும் நான்கில் ஒரு பங்கே. மேல்கீழ் அளவுக்கும் இதே கணக்கு.

இங்கே விரைவுப் பெருக்கத்திற்கு இடமில்லை. தொடக்கப்புள்ளியை ஊகிக்கவும் தேவையில்லை. இடையில் ஒரு செய்தி தவறினாலும் அடுத்த செய்தி அம்பை உரிய இடத்தில் சேர்த்துவிடும். சாளரத்திற்குள் நுழைவதும் வெளியேறுவதும் இயல்பாக நிகழ்வதால், பிடித்துவைத்தலும் விடுவிக்கும் விசைகளும் தேவையற்றுப் போகின்றன.

தெரிந்து தெளிவோம்

நிலையிடமுறைக்கு வேறு வழிகளும் உள்ளன. விஎம்வேர், விருந்தினரும் ஓம்புநரும் நேரடியாகச் செய்தி பரிமாறிக்கொள்ளத் தனி வாயில் ஒன்றை அமைத்தது. விர்ச்சுவல்பாக்ஸ், விருந்தினருக்குள் நிறுவத்தக்க துணைமென்பொருள் ஒன்றை வழங்குகிறது. இவ்விரண்டிலும் விருந்தினருக்குள் அதற்குரிய இயக்கி மென்பொருள் இருக்க வேண்டும். வரைபலகை வேடத்திற்கோ விருந்தினர் ஏற்கெனவே அறிந்த பொதுத்தரமே போதும்.

தொலைவில் உள்ள கை

ஓர் ஊரில் அமர்ந்து வேறோர் ஊரில் உள்ள மெய்நிகர் கணினியை இயக்கும்போது நிலையிடமுறையின் தேவை இன்னும் மிகுகிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ஒலிவெட்டி ஆய்வகத்தில் 1990களில் உருவான வி.என்.சி. என்னும் தொலைதிரை நுட்பம், அம்பு நிற்கும் இடத்தையே எண்களாக அனுப்புகிறது. மறுமுனையில் உள்ள விருந்தினருக்கு வரைபலகை இருந்தால் அவ்விடத்தை அப்படியே ஒப்படைக்கலாம். சாதாரணச் சுட்டி மட்டுமே இருந்தால், இடத்தை நகர்வாக மாற்ற வேண்டும். விருந்தினர் அந்நகர்வை மீண்டும் இடமாக மாற்றுவார். இருமுறை மொழிபெயர்த்த செய்தியில் பொருள் திரிவதுபோல, அம்பின் இடமும் திரிந்துவிடும். தொலைவிலிருந்து கணினியைப் பழுதுபார்க்கும் ஒருவர் ‘சேமி’ என்னும் பொத்தானுக்கு மாறாக ‘அழி’ என்னும் பொத்தானை அழுத்திவிடுவதற்கு இத்திரிபே காரணமாகலாம்.

எல்லையும் விலையும்

நிலையிடமுறை எல்லாவற்றிற்கும் ஏற்றதன்று. யு.எஸ்.பி. அமைப்பின் தொடக்க வகைகள் காலத்தை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்காகப் பகுத்து இயங்குபவை. அதனை அப்படியே போலச்செய்தால், ‘ஏதேனும் செய்தி உண்டா?’ என ஓம்புநர் நொடிக்கு 1,000 முறை விழித்தெழ நேரும். விருந்தினர் வேலையின்றி இருக்கும்போதும் மின்னாற்றல் வீணாகும். இதனைத் தவிர்க்கவே, செய்தி இருக்கும்போது மட்டும் எழுப்பும் புதிய வகைக் கருவிகள் பின்னர் வடிவமைக்கப்பட்டன.

சில விளையாட்டு மென்பொருள்களில் சுட்டியை நகர்த்தினால் நாம் காணும் காட்சி சுழலும். சுற்றிலும் பார்க்கக் கை தொடர்ந்து நகர வேண்டும். நிலையிடமுறையிலோ அம்பு விளிம்பை அடைந்ததும் எண் அதற்குமேல் ஏறாது, காட்சியும் சுழலாது. அங்கே சார்புமுறையே வேண்டும். இரண்டு திரைகள் இணைந்திருக்கும்போது, வரைபலகையின் பரப்பு எத்திரைக்கு உரியது என்னும் ஐயமும் எழும். மொழிக்குச் சுட்டும் வேண்டும், பெயரும் வேண்டும், கணினிக்கும் அப்படியே.

மாணவருக்கு இதனால் என்ன?

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளி மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டத்தின் மடிக்கணினிகளில் விண்டோஸ் இயங்குதளத்தோடு, சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவான பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இடம்பெற்றது. ஒன்றில் வேலைசெய்யும்போது மற்றொன்று உறங்கும். மாற வேண்டுமெனில் கணினியை நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரே கணினியில் புதிய இயங்குதளத்தை நிறுவ முனைந்து, இருப்பதையும் இழந்துவிடுவோமோ என்னும் அச்சம் இயல்பானது.

மெய்நிகர் கணினி அவ்வச்சத்தைக் குறைக்கிறது. விருந்தினருக்குள் கோப்புகளை அழித்தும், அமைப்புகளை மாற்றியும், பிழைசெய்தும் கற்கலாம். விருந்தினர் சீர்குலைந்தால் அதனை நீக்கிவிட்டுப் புதியதொன்றை அமர்த்தலாம். ஓம்புநரின் கோப்புகளைப் பகிர்ந்து வைக்காதவரை அவை பொதுவாகப் பாதிக்கப்படுவதில்லை. 1999இல் அறிவிக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை ஒவ்வோர் இயங்குதளத்திலும் சரியாக இயங்குகிறதா, ஓர் எழுத்துரு எங்கே உடைகிறது என்பவற்றை ஒரே கணினியில் சோதிக்கவும் இயலும். இரண்டாவது கணினி வாங்க வசதியில்லாத மாணவருக்கு இஃது இரண்டாவது கணினியே ஆகும். நினைவகம் போதிய அளவு இருக்க வேண்டும் என்பது மட்டுமே தேவை. ஓம்புநரும் விருந்தினரும் அதனைப் பங்கிட்டுக்கொள்வர்.

கியூமு போன்ற கட்டற்ற மென்பொருள்களின் மூலநிரலை எவரும் படிக்கலாம். வரைபலகையைப் போலச்செய்யும் பகுதியையும் திறந்து பார்க்கலாம். அதில் காணும் கணக்கு, பங்குவீதம் என்னும் பெயரில் நாம் முன்னரே கற்றதுதான். கணினியின் உள்ளே நிகழ்வன நம் அறிவுக்கு எட்டாதவை அல்ல.

கை காட்டும் இடமும் கண் காணும் இடமும் ஒன்றாக இருப்பதற்கு, கையின் நுட்பமோ கருவியின் விலையோ காரணம் அன்று. அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே கட்டத்தில் நின்று எண்ணுவதே காரணம். பரங்கிமலையில் சங்கிலி பிடித்த அளவையருக்கும், உப்பளத்தில் பாத்தியை எண்ணுபவருக்கும், ஒரு சிறு சாளரத்திற்குள் மற்றோர் இயங்குதளத்தைக் கற்கும் மாணவருக்கும் இவ்வுண்மை பொதுவானது.

சொல்லும் பொருளும்

ஓம்புநர் – பேணுபவர். இங்கு, உண்மைக் கணினியில் இயங்கும் இயங்குதளம்
விருந்தினர் – இங்கு, மெய்நிகர் கணினிக்குள் இயங்கும் இயங்குதளம்
போலச்செய்தல் – இல்லாத கருவியை மென்பொருளால் இருப்பதுபோல் இயக்குதல்
படப்புள்ளி – திரையில் தோன்றும் உருவத்தின் மிகச்சிறிய கூறு

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வகுப்பறையில் ஓர் இடத்தைச் சார்புமுறையிலும் நிலையிடமுறையிலும் தனித்தனியே எழுதுக. இரு நண்பர்களிடம் கொடுத்து, எவர் சரியாகச் சென்றடைகிறார் எனக் காண்க.
2. ‘அங்கே, இங்கே, அவ்வழி, இத்தெரு’ ஆகிய சொற்களின் பொருள் சொல்பவரின் இடத்திற்கேற்ப மாறுவதை எடுத்துக்காட்டுகளுடன் வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. சாதாரணச் சுட்டி கணினிக்குத் தெரிவிப்பது
அ) நிற்கும் இடம் ஆ) நகர்ந்த அளவு இ) திரையின் அகலம் ஈ) சாளரத்தின் விளிம்பு

2. ‘இவ்வூர்’ என்னும் சொல்லில் அமைந்துள்ளது
அ) சேய்மைச்சுட்டு ஆ) அண்மைச்சுட்டு இ) வினா எழுத்து ஈ) உவம உருபு

குறுவினா

1. விருந்தினர் இயங்குதளத்திற்கும் இல்லத்திற்கு வரும் விருந்தினருக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. லாம்டனின் அளவைப் பணியில் இரண்டாவது அடிக்கோடு ஏன் அளக்கப்பட்டது?

சிறுவினா

1. ஓம்புநர் சாளரத்தின் அகலம் 800 படப்புள்ளிகள். அம்பு 600ஆம் புள்ளியில் நிற்கிறது. விருந்தினரின் திரை அகலம் 1,280 எனின், அவருடைய அம்பு எப்புள்ளியில் நிற்கும்? வழிமுறையுடன் விளக்குக.
2. நிலையிடமுறை பொருந்தாத சூழல்களை எழுதுக.

நெடுவினா

சார்புமுறையில் பிழை சேர்வதையும் நிலையிடமுறை அதனைத் தவிர்ப்பதையும் நில அளவை, மெய்நிகர் கணினி ஆகிய இரண்டையும் சான்றாகக் கொண்டு விவரிக்க.